ராணி கலர் புடவையும் மூன்று திரைகளும்

ஜூலை 8, செவ்வாய்

புது மானிட்டர் வந்துவிட்டது. பெட்டியை மாடிக்கு ஏற்றுவதற்குள் டெலிவரி செய்தவர் படியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மொத்தம் மூன்று நிறங்கள்தான்.

"இதுல கேபிள் வருமா சத்யா?"

"வராதுப்பா. இது எடிட்டிங்குக்கு."

"பழசுல என்ன குறை?"

பழையதில் தெரியாத நிறமெல்லாம் இதில் தெரியும் என்றேன். அதெல்லாம் தெரியாமலேதான் பத்து வருஷமா கல்யாண வீடியோ பண்ணிக் கொடுத்தியா என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. இனி தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நிறத்தைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

ஜூலை 9, புதன்

முதல் வேலை வீட்டு வேலை. தங்கை சின்மயியின் நிச்சயதார்த்த வீடியோ. போன மாதம் 29ஆம் தேதி நடந்தது, நானே எடுத்தேன். மாப்பிள்ளை விக்கி கோவளத்துப் பையன். சின்மயியும் அவனும் ஓஎம்ஆரில் ஒரே ஆபீஸ். அவன் அம்மா அங்காளம்மா கோவளம் கடற்கரையில் மீன் விற்கிறார்கள். இருபது வருடமாக அந்த வருமானத்தில்தான் வீடு நடந்தது, விக்கி இன்ஜினியரிங் படித்தான்.

நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் புடவையைப் பெண் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து சபையில் உட்கார வேண்டும். சின்மயி உள்ளே போகும்போது வெளிர் நீலத்தில் போனாள். வெளியே வரும்போது — எப்படி எழுதுவது — ராணி கலர். அதற்குக் கிளிப்பச்சை பார்டர். அங்காளம்மா ஆன்ட்டி காஞ்சிபுரத்துக்கே போய் ஐந்து கடை ஏறி இறங்கி எடுத்ததாம். மண்டபத்தில் கரண்ட் போயிருந்தாலும் அன்றைக்கு நான் படம் எடுத்திருப்பேன்.

புது மானிட்டரில் அந்தப் புடவை கண்ணைக் குத்தியது. சின்மயியின் முகத்தைப் பார்க்கவே விடவில்லை. கொஞ்சம் அடக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். புடவை வாடின ரோஜா நிறத்துக்கு வந்ததும் படத்துக்கே ஒரு களை வந்துவிட்டது. எனக்கு ரசனை இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. காபி போட்டுக்கொண்டு வந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

எக்ஸ்போர்ட், அதாவது திரையில் ஓட்டுவதற்கான இறுதி ஃபைலாகப் படத்தை எடுப்பது, முடிந்தது. சின்மயி தன் போனில் பார்த்தாள், அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஏதோ சினிமா மாதிரி இருக்குக்கா. விக்கி கூட அழகாத் தெரியறான்."

கோவளம் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்க விக்கியிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தாயிற்று. செப்டம்பர் 3 ரிசப்ஷனில் மண்டபத்து எல்இடி ஸ்கிரீனிலும் இதையேதான் போடப் போகிறோம். ஒரு படம், மூன்று திரை. பெருமையாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

கோவளத்திலிருந்து பாராட்டு போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் அதிகம்.

ஜூலை 14, திங்கள்

விக்கி போன் செய்தான். சுற்றிச் சுற்றிப் பேசினான். மழை வருமா என்று கேட்டான். மானிட்டர் எத்தனை இன்ச் என்று கேட்டான். கடைசியில், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புடவை கலரை கம்ப்யூட்டர்ல ஏதாவது மாத்தினீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றான்.

டிவியில் சாயம் போன மாதிரி தெரிகிறதாம். டிவி செட்டிங்கைப் பாருப்பா என்றேன். சரிக்கா என்று உடனே வைத்துவிட்டான். அவன் என்னை நம்பினானா, தப்பித்தால் போதும் என்று ஓடினானா தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஆன்ட்டியே போன் செய்துவிட்டார்கள்.

"இன்னாம்மா சத்யா, நல்லா கீறியா? ஒண்ணு கேட்டுக்கிறேன், கோச்சுக்காத. நான் எடுத்த பொடவ உங்க வூட்ல புடிக்கலியா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி."

"பின்ன ஏன் அப்டி வெளுக்க வெச்சுகீற? தெருவே வந்து குந்திகினு டிவி பாத்துச்சு. ஒரு வாரமா நான் ராணி கலரு, ராணி கலருன்னு எல்லார் கிட்டயும் சொல்லிகினு கீறேன். கடசில பக்கத்து வூட்டு துலுக்காணம் கேக்குறாரு, இன்னா அங்காளு, மருமவளுக்குப் பழைய பொடவயா குட்த்தன்னு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "டிவி பழசா இருந்தா அப்படித்தான் தெரியும் ஆன்ட்டி" என்றேன். இந்தப் பொங்கலுக்கு விக்கி ஆசையாக வாங்கிக் கொடுத்த டிவி அது என்று சின்மயி பிறகு சொன்னாள்.

ஆன்ட்டி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா. முகூர்த்தப் பொடவய நீங்களே எடுத்துக்கோங்க. படிச்ச வூடு, உங்களுக்குத் தான் எது நல்லா இருக்கும்னு தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டில்தான் எடுக்க வேண்டும். மாமியார் கையால்தான் அது வர வேண்டும். ஆவணி முதல் தேதி எல்லோரும் சேர்ந்து கடைக்குப் போவதாக ஏற்பாடு. அவர்கள் வராவிட்டால் கல்யாணம் நடக்கும், ஆனால் சின்மயி அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவாள்? சின்மயி இன்று சாப்பிடவில்லை.

ஜூலை 16, புதன்

விக்கிக்கு விளக்கமாக ஒரு மெசேஜ் எழுதினேன். ஒவ்வொரு வீடியோவோடும் ஒரு சீட்டு மாதிரி ஒரு குறிப்பு உள்ளேயே போகிறது. என் நிறங்களை இந்தக் கணக்குப்படி காட்டு என்று அதில் இருக்கும். அதற்குப் பெயர் கலர் ப்ரொஃபைல். போன் அந்தச் சீட்டைப் படிக்கும், பென் டிரைவ் செருகிய டிவி பல நேரம் படிக்காது. ஆகவே குற்றம் டிவியினுடையது. இரண்டு படங்களும் ஒரு அம்புக்குறியும் போட்டிருந்தேன்.

அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

அப்பா தோளுக்குப் பின்னால் நின்று முழுதும் படித்திருக்கிறார். "தப்பு உன்மேல இல்லைன்னா ஏன் இவ்வளவு நீளமா எழுதற?" என்றார். சிக்னல் பிரிவில் விபத்து விசாரணைக்கெல்லாம் போய் உட்கார்ந்த அனுபவம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். மனஸ்தாபத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை போலிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

நம் வீட்டு டிவியிலேயே போட்டுப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சாயம் போயிருக்கிறது. சின்மயி, விக்கி, தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழம் உட்பட எல்லோரும் மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் போல இருக்கிறார்கள். புது மானிட்டர் வந்த குஷியில், அது காட்டுகிற அத்தனை நிறமும் வேண்டும் என்று அகலமான கலர் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, அதையே எக்ஸ்போர்ட்டிலும் விட்டிருக்கிறேன். அதைச் சாதாரண டிவி தன் சின்னக் கணக்கில் படித்தால் எல்லாம் வெளுக்கத்தான் செய்யும். டிவிக்கு டிவியின் ப்ரொஃபைலில் தனியாகக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கற்றுக்கொண்ட பாடம். பத்து வருஷமாக மற்றவர்களுக்கு நான் சொல்லும் பாடம்.

மாற்றி எடுத்தேன். டிவியில் இப்போது மானிட்டரில் இருப்பது போலவே வருகிறது. துலுக்காணத்தை வைத்துக்கொண்டே போட்டுக் காட்டலாம்.

ஜூலை 26, சனி

புதுப் பென் டிரைவ் போனது. விக்கியின் பதில் வந்தது: "இப்ப எவ்வளவோ பரவாயில்லன்னு அம்மா சொன்னாங்க. ஆனா இது என் புடவை இல்லன்னாங்க."

என்ன பெண்மணி இவர்கள். ஒரு ஷேடு வித்தியாசத்தை, ஒரு மாதம் கழித்து, ஞாபகத்திலிருந்து. சின்மயியிடம் புலம்பினேன். அவள் சொன்னாள்: "அக்கா, அவங்க தினமும் காலைல செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து மீனை ஏலம் எடுக்கறவங்க. நேத்து மீனுக்கும் இன்னைக்கு மீனுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நினைக்கற?"

மானிட்டரின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு கருவி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கருவி கோவளத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் நான்கு வகை. சின்மயி எலுமிச்சை சாதத்தை மட்டும் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நேராக் கேக்கறேன். ப்ரொஃபைல் கதையெல்லாம் விடு. புடவை கலரை நீ தொட்டியா?"

"மொத்த ஃப்ரேமையும் கிரேடிங் பண்ணும்போது எல்லா கலரும் கொஞ்சம் —"

"தொட்டியா?"

"எல்லாரும் பண்றதுதான்டி."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்பா ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொட்டேன். ஆமா, தொட்டேன். ஃபைல்ல ஒரு தப்பு நடந்தது, அது நெஜம். அந்தத் தப்புக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுகிட்டேன், அதுவும் நெஜம். அந்தம்மா முதல் நாளே கேட்டாங்களே — புடிக்கலியான்னு. எனக்குப் புடிக்கல. அதுதான் உண்மை. மீன் விக்கறவங்க எடுத்த புடவை அப்படித்தான் பளபளன்னு இருக்கும்னு என் மனசுல ஒரு நெனப்பு இருந்துதா இல்லையா? இருந்துது. இதை எழுத எனக்கு இருபத்தேழு நாள் ஆகியிருக்கு.

வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லேப்டாப், அந்தப் புடவை, ஒரு சீப்பு வாழைப்பழம். தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி கோவளம் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. ஆன்ட்டி அப்போதுதான் வியாபாரம் முடித்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வா என்றார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் முழுதும் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். நான் கைவைக்காத படத்தை ஒரு பக்கமும் கைவைத்த படத்தை ஒரு பக்கமும் போட்டேன்.

"டிவி மேல தப்பு இல்ல ஆன்ட்டி. முதல்ல நான் தப்பா ஃபைல் எடுத்தேன். அது ஒண்ணு. அதுக்கும் முன்னாடி, புடவை கலரை நானேதான் குறைச்சேன். வேணும்னுதான் குறைச்சேன்."

அவர்கள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள்.

"செவுளுக்கு சாயம் தடவிகினு விக்க வர்றவன எவ்ளோ பேர பாத்துகீறேன். எனக்குத் தெரியாதா. நீ இன்னாடான்னா பென் டிரைவ் மேல பென் டிரைவா அனுப்பிகினு கீற." பிறகு, "நெஜத்த சொல்லு. புடிக்கல?"

"எனக்கு அது கொஞ்சம் அதிகம் ஆன்ட்டி."

"உனக்கா எடுத்தேன்?"

யாருக்கென்று அவர்களே சொன்னார்கள். "எங்காளுங்க நூறு பேர் வந்தாங்க. ஆம்பளைங்கள்லாம் பின்னாடி, வாசப்படி கிட்ட நின்னுகினு இருந்தாங்க, உள்ள வர கூச்சம். உங்க ஜனம் மின்னாடி சேர்ல. அவ்ளோ தூரத்துலருந்து எங்க பொண்ணு யாருன்னு அவங்களுக்குத் தெரிய வாணாமா? அதுக்குத் தான் அந்தக் கலரு. சும்மா எடுக்கல, கட வாசல்ல நின்னு, பத்தடி தள்ளிப் போயி, ரோட்டுக்கு அந்தாண்டப் போயிப் பாத்துட்டு எடுத்தேன்."

எந்தத் திரையில் யார் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டு நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதைத்தான் நான் எக்ஸ்போர்ட் என்கிறேன். அவர்கள் கடை வாசலில் நின்று செய்திருக்கிறார்கள்.

வாசல் வெளிச்சத்தில் புடவையை விரித்து, பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "ஏத்து. இன்னும். போதும், இப்ப நீலம் ஏறிகினு கீது, கொற." முக்கால் மணி நேரம். புடவையின் முழு நிறமும் எந்தத் திரையிலும் வராது ஆன்ட்டி என்று சொன்னேன். "வர்ற வரைக்கும் வர்ட்டும், வராததுக்கு நீ இன்னா பண்ணுவ" என்றார்கள்.

சங்கரா மீன் குழம்பு. இரண்டு முறை போட்டுக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை புடவை எடுக்க வருவீர்களா என்று கடைசி வரை எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

சின்மயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்குப் பத்து மணிக்குக் கடை" என்று மட்டும் சொன்னாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. என் சார்ஜரை எடுத்துக்கொண்டு போனாள், அது நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒன்பதரைக்கு நாங்கள் கடைக்குப் போனபோது ஆன்ட்டி வாசலில் நின்றிருந்தார்கள். மூத்த மகள் சரசுவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். சின்மயி ரோட்டிலேயே அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியதை அப்பா பார்த்தால் வாரம் முழுக்கக் கேட்பார்.

பிறகு கடைக்காரர் பாடுதான் பாவம். கடைக்குள் மஞ்சள் விளக்கு. ஆன்ட்டி அதை நம்பவில்லை. ஒவ்வொரு புடவையாக என் தோளில் போட்டு, "சத்யா, வெயிலுக்குப் போ" என்றார்கள். நான் வாசலுக்குப் போய் நிற்பேன், அவர்கள் ரோட்டோரம் போய்ப் பார்ப்பார்கள். கடைப் பையன் ஜாய்சன் ஒவ்வொரு முறையும் புடவையோடு நான் ஓடிவிடுவேனோ என்று கூடவே வந்தான். பதினோராவது புடவை, அரக்கு.

"உனக்கு எப்டி கீது? நெஜத்த சொல்லு."

"பார்டர் பெருசா இருக்கு."

"ஆமா, பெருசு தான்" என்றார்கள். அதையே எடுத்தோம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மண்டபத்தில் எல்இடி ஸ்கிரீன் பரிசோதனை. ஸ்கிரீன்காரர் சேட்டு அண்ணன் வெளிச்சத்தை முழுசாக வைத்திருந்தார். கல்யாணம்னா பளிச்சுன்னு இருக்கணும் மேடம் என்பது அவர் கொள்கை. அதில் சின்மயி முகம் தக்காளி நிறம், புடவை ஐஸ் வண்டி நிறம். எல்இடிக்கென்று தனியாக ஒரு ஃபைல் கொண்டு போயிருந்தேன், அதுவும் போதவில்லை.

ஆன்ட்டி கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டார்கள். அங்கிருந்தே, "இன்னாபா இது, பேஜார் பண்ணிகினு. அது பொடவயா பட்டாசா? கொற" என்றார்கள்.

சேட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். "குறைங்க அண்ணா" என்றேன். எண்பது, அறுபது, நாற்பத்தைந்து. சிவப்பைத் தனியாகக் கொஞ்சம் இறக்கினோம். கடைசி வரிசையிலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆன்ட்டி — இனி அத்தை என்றே எழுதலாம் — நாற்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் முடிந்தது. கால் வலி. நேற்று ரிசப்ஷனில் படம் ஓடியபோது துலுக்காணம் எழுந்து நின்று பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் அத்தை போன். சரசுவுக்கு அடுத்த ஞாயிறு வளைகாப்பு. நான்தான் வீடியோ எடுக்க வேண்டுமாம். அவர்கள் பக்கத்தில் வேறு ஆள் இருக்கிறாரே என்றேன். அவர் எல்லாப் பெண்ணையும் ஒரே மாதிரி வெள்ளையாக்கி விடுகிறாராம்.

"சரசு என்ன மாதிரி கருப்பு. தெரியும்ல? அவ கண்ணாலத்து வீடியோல யாரோ வேற பொண்ணு குந்திகினு கீது. அவளே அத போட்டுப் பாக்க மாட்டா. இதுல அவளுக்கு அவ மூஞ்சி வேணும்."

"சரி அத்தை."

"டிவிக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணு, தனித்தனியா எடுத்துக் குடு. அந்தப் ப்ரொபைலு."

"சரி அத்தை."

"ஒரு நாள் மின்னாடியே வந்துரு. மழ இல்லன்னா கார்த்தால வெளிச்சம் நல்லா இருக்கும். அவள வாசல்ல குந்த வெக்கிறேன், மொதல்ல உன் கண்ணால நல்லா பாத்துக்கோ. அப்பால கேமராவ எடு."

சனிக்கிழமை முதல் பஸ். லேப்டாப்பை எடுத்துப் போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.